ஏஐ காட்டும் புத்தகம் ஏன் எந்த நூலகத்திலும் கிடைப்பதில்லை?

2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழுடன் வந்த ஓர் இணைப்பில் கோடைக்கால வாசிப்புப் பட்டியல் ஒன்று வெளியானது. மொத்தம் 15 புத்தகங்கள். ஆசிரியர்களாகப் போட்டிருந்த பெயர்கள் எல்லாம் நிஜ எழுத்தாளர்களுடையவை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் கதைச்சுருக்கம்கூட இருந்தது. ஆனால் அவற்றில் 10 புத்தகங்களை யாரும் எழுதியதே இல்லை. தயாரித்தவர் ஏஐ கருவியிடம் பட்டியல் கேட்டு வாங்கி, சரிபார்க்காமல் அனுப்பிவிட்டார்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2023 ஜூனில், நியூயார்க்கில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. அவர்கள் முன்னுதாரணமாகக் காட்டிய தீர்ப்புகளில் சில, எந்த நீதிமன்றத்திலும் வழங்கப்படாதவை. சாட்ஜிபிடி கொடுத்ததை அப்படியே மனுவில் சேர்த்திருந்தார்கள்.

இந்தச் செய்திகளைப் படிக்கும் மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். உலகத்து எழுத்தையெல்லாம் படித்த கருவி என்கிறார்கள். அப்புறம் எப்படி இல்லாத புத்தகத்தைச் சொல்கிறது? நான் படிக்கும் நூலகவியலுக்கு இது நேரடியான கேள்வி. ஒரு படைப்பு இருக்கிறதா, எங்கே இருக்கிறது, நாம் தேடியது இதுதானா என்று கண்டு சொல்வதே இந்தத் துறையின் அடிப்படை வேலை. ஆகவே அடியிலிருந்து பார்ப்போம்.

தேடுவது வேறு, எழுதுவது வேறு

முதலில் நூலகப் பட்டியல். ஒரு புத்தகம் நூலகத்துக்கு வந்ததும் பட்டியல் தயாரிப்பவர் அதைக் கையில் எடுத்து, தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பார்த்துத்தான் பதிவை உருவாக்குவார். தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்க எண்ணிக்கை எல்லாம் அதற்கென்று உள்ள புலங்களில் போகும். இந்தப் புலங்களைக் கணினி படிக்கும்படி 1960களில் வடிவமைத்தவர் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் பணியாற்றிய ஹென்ரியட் அவ்ரம். மார்க் எனப்படும் அந்த முறை இன்றும் உலகெங்கும் நூலகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. 100 என்ற எண்ணுள்ள புலத்தில் ஆசிரியர் பெயர், 245இல் தலைப்பு, 020இல் ஐஎஸ்பிஎன், 650இல் அந்தப் புத்தகம் எதைப் பற்றியது என்று சொல்லும் பொருள் தலைப்பு. இப்படி ஒரு படைப்பைப் பற்றிய விவரங்களை ஒழுங்காக எழுதிவைப்பதைத்தான் மெட்டாடேட்டா என்கிறோம்.

பதிவு ஒன்று இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு புத்தகம் இருக்கிறது, அல்லது ஒரு காலத்தில் இருந்தது. தேடியும் கிடைக்காவிட்டால் திரை '0 முடிவுகள்' என்று காட்டும். அந்தப் பூஜ்யம் பலருக்கு எரிச்சல் தருகிறது. ஆனால் எனக்குத் தெரிந்து நூலகப் பட்டியலின் மிகப் பெரிய பலமே அதுதான். தன்னிடம் இல்லாததை இல்லை என்று சொல்ல அதற்குத் தெரியும்.

சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற கருவிகளின் அடியில் இருப்பது மொழி மாதிரி. ஏராளமான எழுத்தைக் கொடுத்து, 'இதுவரை வந்ததற்கு அடுத்து எந்தத் துண்டு வர வாய்ப்பு அதிகம்' என்று கணக்கிட அதைப் பழக்குகிறார்கள். அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். அது முழுச் சொல்லாகவும் இருக்கலாம், சொல்லின் ஒரு பகுதியாகவும் இருக்கலாம். படித்த எழுத்தெல்லாம் பக்கம் பக்கமாக உள்ளே அடுக்கப்பட்டிருக்கவில்லை. அதிலிருந்து பெற்ற பாங்குகள்தான் கோடிக்கணக்கான எண்களாகத் தங்குகின்றன. உள்ளே தனியாக ஒரு நூற்பட்டியலும் கிடையாது. 'இந்தத் தலைப்பில் ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் சொல்' என்றால், அது எங்கும் போய்த் தேடுவதில்லை. ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல் பொதுவாக எப்படி இருக்குமோ அப்படி ஒன்றை எழுதித் தருகிறது.

எழுதித் தருவது பெரும்பாலான நேரங்களில் சரியாகவும் அமைந்துவிடுகிறது. மேற்கோள் குறிப்பு என்று வந்தால் மட்டும் சறுக்கல் ஏன் இவ்வளவு அதிகம்? காரணங்கள் இவை.

1. வடிவம் மிக ஒழுங்கானது. ஆசிரியர் பெயர், அடைப்புக்குறிக்குள் ஆண்டு, தலைப்பு, ஆய்விதழின் பெயர், தொகுதி எண், பக்க எண்கள் என்று ஒரே வரிசையில் கோடிக்கணக்கான குறிப்புகள் இருக்கின்றன. இந்த வடிவத்தைப் பிசகாமல் போலச்செய்வது மொழி மாதிரிக்கு மிக எளிது.

2. உள்ளடக்கம் மிக அரிதானது. புகழ்பெற்ற ஒரு நாவலின் பெயரும் ஆசிரியர் பெயரும் பயிற்சித் தரவில் ஆயிரக்கணக்கான இடங்களில் சேர்ந்தே வரும். அதனால் அது பதிந்துவிடும். ஏதோ ஓர் ஆய்விதழின் 34ஆம் தொகுதியில் 112ஆம் பக்கத்தில் தொடங்கும் கட்டுரை இரண்டு மூன்று இடங்களில்தான் வந்திருக்கும். அது அரைகுறையாகப் பதிகிறது. மிச்சத்தை வாய்ப்புக் கணக்கு நிரப்புகிறது.

3. இல்லை என்று நிறுத்தும் இடம் தானாக அமைவதில்லை. அடுத்த டோக்கன் என்று ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும். தெரியாது என்று சொல்லத் தனியாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். அது நிலைமையை மேம்படுத்தியிருக்கிறது. ஆனால் முழுதாகத் தீர்க்கவில்லை.

இரண்டாவது காரணத்தை மாணவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நமக்கு நன்றாகத் தெரிந்த புத்தகங்களைப் பற்றிக் கேட்டுச் சோதித்தால் கருவி சரியாகச் சொல்லும். சரி, நம்பலாம் என்று தோன்றும். நமக்குத் தெரியாத, அதிகம் பேர் எழுதாத ஒரு மூலையைப் பற்றி அடுத்து கேட்போம். உதவி தேவைப்படும் இடமும் அதுதான், கருவி தடுமாறும் இடமும் அதுதான். நாம் சோதித்த இடத்தில் கிடைத்த நம்பிக்கையை, சோதிக்க முடியாத இடத்தில் செலவழிக்கிறோம். இணையத்தில் எழுத்து குறைவாக உள்ள மொழிகளில் இந்த மூலைகள் இன்னும் அதிகம். தமிழில் கேட்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

இணையத்தில் தேடிப் பதில் சொல்லும் ஏஐ?

'இப்போதுதான் ஏஐ இணையத்தில் தேடி இணைப்போடு பதில் சொல்கிறதே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கேள்விக்குத் தொடர்புள்ள ஆவணங்களை முதலில் தேடி எடுத்து, அவற்றை மொழி மாதிரியிடம் கொடுத்து, அவற்றின் அடிப்படையில் பதில் எழுதச் சொல்லும் முறை இது. 2020இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து ராக் என்ற சுருக்கப் பெயரில் பரவியது. இல்லாத கட்டுரையைக் காட்டும் பிழையை இது பெருமளவு குறைக்கிறது.

ஆனால் பிழை அங்கிருந்து நகர்ந்து வேறு இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இணைப்பு நிஜம், கட்டுரையும் நிஜம். கருவி சொல்லும் கருத்து மட்டும் அந்தக் கட்டுரையில் இருக்காது. இதற்கு ஒரு காரணம், பல ஆய்விதழ்களில் முழுக் கட்டுரையும் சந்தா கட்டியவர்களுக்குத்தான் திறக்கும். வெளியே தெரிவது ஆய்வுச்சுருக்கம் மட்டும். 'குறிப்பிட்ட வயதினரிடம், குறிப்பிட்ட சூழலில் மட்டும்' என்ற எச்சரிக்கை உள்ளே நாலாவது பக்கத்தில் இருக்கும். சுருக்கத்தை மட்டும் வைத்து எழுதப்பட்ட பதிலில் அந்த எச்சரிக்கை காணாமல் போய்விடும்.

ஆக, மாணவர் கையில் வந்து சேரும் மேற்கோள் பிழைகள் மூன்று வகை:

1. முழுக் கற்பனை. அப்படி ஒரு படைப்பும் இல்லை, சில சமயம் அப்படி ஓர் ஆசிரியரும் இல்லை.

2. ஒட்டுப்போட்டது. ஆசிரியர் நிஜம், ஆய்விதழ் நிஜம், அவர் அந்தத் துறையில் எழுதுபவர் என்பதும் நிஜம். அந்தத் தலைப்பில் மட்டும் அவர் எழுதியதில்லை.

3. பொருந்தாதது. படைப்பு இருக்கிறது, சொல்லப்பட்ட கருத்துக்கு அது சான்று இல்லை.

முதல் இரண்டையும் பெரும்பாலும் சில நிமிடங்களில் பிடித்துவிடலாம். மூன்றாவதைப் பிடிக்க அந்தப் பக்கத்தைத் திறந்து படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கருவிகள் மேம்பட மேம்பட முதல் வகை குறைந்து மூன்றாவது வகைதான் மிஞ்சப்போகிறது. எனக்குக் கவலை தருவதும் அதுதான்.

ஒரு குறிப்பைப் பிரித்துப் பார்ப்பது

நூலகத் துறை பல பத்தாண்டுகளாகச் செய்துவைத்த அடையாள எண்கள் இங்கே கைகொடுக்கின்றன. அவை ஏஐக்காக உருவாக்கப்பட்டவை இல்லை. ஆனாலும் இன்றைக்கு மாணவர்களுக்கு அவற்றைவிட வசதியான சோதனை வேறு கிடையாது.

1. ஐஎஸ்பிஎன். புத்தகத்தின் ஒவ்வொரு பதிப்புக்கும் தரப்படும் எண். 2007 ஜனவரி முதல் இது 13 இலக்கம். அதற்கு முன்பு 10. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், முந்தைய 12 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. 978-0-306-40615-7 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல், மூன்றாவது, ஐந்தாவது என்று ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் இலக்கங்கள் 9, 8, 3, 6, 0, 1, கூட்டினால் 27. இடையில் விட்ட 7, 0, 0, 4, 6, 5 ஆகியவற்றைக் கூட்டினால் 22. அதை 3ஆல் பெருக்கினால் 66. இரண்டும் சேர்ந்து 93. அடுத்த பத்தின் மடங்கான 100ஐத் தொட 7 வேண்டும். கடைசி இலக்கமும் 7. கணக்கு சரி. மனம்போன போக்கில் எழுதிய எண்ணுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரப் பத்தில் ஒரு வாய்ப்புதான். ஆனால் கணக்கு ஒத்துவந்தாலே புத்தகம் இருக்கிறது என்று ஆகிவிடாது. அந்த எண்ணை, பல நூலகங்களின் பட்டியல்களை ஒன்றுசேர்த்த வேர்ல்ட்கேட் போன்ற கூட்டுப் பட்டியலில் போட்டு, வரும் தலைப்பு நம் கையில் உள்ள தலைப்புதானா என்று பார்த்தாக வேண்டும்.

2. டிஓஐ. ஆய்வுக் கட்டுரைகளுக்கான நிரந்தர அடையாளம். 10 என்று தொடங்கி, ஒரு புள்ளி, பதிவு செய்த அமைப்பின் எண், சாய்கோடு, பிறகு அந்தப் படைப்புக்கான குறியீடு என்று வரும். 10.1000/182 என்பது டிஓஐ முறையின் கையேட்டுக்கே உரிய டிஓஐ. கட்டுரை இருக்கும் இணைய முகவரி மாறினாலும் இந்த எண் மாறாது. பதிப்பகம் புதிய முகவரியைப் பதிவேட்டில் திருத்திவிட்டால் போதும். ஆய்விதழ்களுக்கு இதை வழங்கும் முக்கிய அமைப்பான கிராஸ்ரெஃப் 2000இல் தொடங்கப்பட்டது. டிஓஐயை அதற்குரிய தளத்தில் போட்டால் மூன்றில் ஒன்று நடக்கும். நம் கட்டுரை திறக்கும். அல்லது அப்படி ஒரு டிஓஐ இல்லை என்று சொல்லும். அல்லது சம்பந்தமே இல்லாத வேறு கட்டுரை திறக்கும். ஏஐ எழுதிய குறிப்பு என்பதற்கு இந்தக் கடைசி நிலை மிக வலுவான அடையாளம்.

3. தொகுதியும் ஆண்டும். பல ஆய்விதழ்கள் ஆண்டுக்கு ஒரு தொகுதி வெளியிடும். ஓர் இதழின் 12ஆவது தொகுதி 1990இல் வந்திருந்தால், 2020இல் 42ஐ ஒட்டித்தான் இருக்க வேண்டும். குறிப்பில் 2020, தொகுதி 17 என்று இருந்தால் சந்தேகப்படலாம். இதழின் தளத்தில் அந்தத் தொகுதியின் உள்ளடக்கப் பக்கத்தைத் திறந்து பக்க எண்களை ஒப்பிட்டால் முடிந்தது.

4. ஆசிரியர். ஆய்வாளர்களுக்கு 2012 முதல் ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாளம் வழங்கப்படுகிறது. அதைப் பதிந்து வைத்திருப்பவரின் படைப்புப் பட்டியலை ஒரே இடத்தில் பார்க்கலாம். எல்லோரும் பதிந்திருப்பதில்லை, பதிந்தவர்களும் பட்டியலை முழுதாக வைத்திருப்பதில்லை. எனவே இதைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ள வேண்டும்.

சோதிக்கும்போது ஒரு பொறியில் விழாமல் இருக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் கூகுள் ஸ்காலரில் தேடினால் சில தலைப்புகளுக்கு முன்னால் 'சைட்டேஷன்' என்ற குறி இருக்கும்; தலைப்பைத் தொட்டால் எங்கும் போகாது. அந்தப் படைப்பை ஸ்காலர் நேரில் காணவில்லை, வேறு யாரோ மேற்கோள் காட்டியதை மட்டும் கண்டது என்று பொருள். இல்லாத கட்டுரையை நாலு பேர் தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டினால், அதுவும் இப்படித் தேடலில் வந்து நிற்கும். 'ஸ்காலரில் இருக்கிறதே' என்பது அதனால்தான் சான்றாகாது.

கிடைக்கவில்லை என்றாலே பொய்யா?

அப்படி முடிவுகட்டுவதும் தவறு. ஆசிரியர்கள் இதை அவசியம் கவனத்தில் கொள்ள வேண்டும். நிஜமான மூலத்தைக் காட்டிய மாணவர்மேல் வீண்பழி விழக்கூடும்.

ஐஎஸ்பிஎன் சர்வதேசத் தரமானது 1970இல்தான். அதற்கு முந்தைய பதிப்புகளில் அது இருக்காது. அதற்குப் பிறகும் சிறிய பதிப்பாளர்கள் பலர் அதை வாங்காமலே புத்தகம் போட்டிருக்கிறார்கள். டிஓஐக்குக் கட்டணம் உண்டு என்பதால் சிற்றிதழ்களும் நிறுவன அறிக்கைகளும் பெரும்பாலும் அந்த வலைக்குள் வருவதில்லை. ஆங்கிலம் அல்லாத மொழிகளின் எழுத்தில் ஒரு பெரும் பகுதி இப்படித்தான் வெளியே நிற்கிறது.

இணையப் பக்கங்களின் நிலை இன்னும் மோசம். பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38% பத்தாண்டுகள் கழித்துத் திறக்கவில்லை. அப்படிச் செத்துப்போன இணைப்பாக இருந்தால், இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் அந்த முகவரியைப் போட்டுப் பழைய பிரதி இருக்கிறதா என்று பார்க்கலாம். அந்த அமைப்பு 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்து வருகிறது.

அடுத்தது பெயர். ஒரே ஆசிரியரின் பெயர் வெவ்வேறு பதிவுகளில் வெவ்வேறு விதமாக இருக்கும். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் வகுத்துத் தந்த எஸ்.ஆர். ரங்கநாதனையே எடுத்துக்கொள்ளலாம். சில பதிவுகளில் முதலெழுத்துகள் பின்னால் போய் 'ரங்கநாதன், எஸ்.ஆர்.' ஆகும். சில பதிவுகளில் 'சியாளி ராமாமிர்த ரங்கநாதன்' என்று விரியும். ஆங்கில எழுத்தில் தேடும்போது எழுத்துக்கூட்டல் குழப்பம் வேறு. இதைச் சமாளிக்க நூலகங்கள் ஒவ்வோர் ஆசிரியருக்கும் அதிகாரப்பூர்வப் பெயர் வடிவம் ஒன்றை முடிவு செய்து, மற்ற வடிவங்களையெல்லாம் அதோடு இணைத்துவைக்கின்றன. பல நாட்டு நூலகங்களின் இத்தகைய கோப்புகளை ஒன்றாகத் தொடுப்பது வியாஃப் என்ற இணையச் சேவை. ஒரு வடிவத்தில் கிடைக்காத ஆசிரியர் இன்னொரு வடிவத்தில் கிடைப்பார். பூஜ்யம் என்ற பதிலை ஏற்பதற்கு முன்னால் கேள்வியைச் சரியாகக் கேட்டோமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏஐ வருவதற்கு முன்பே இருந்த நோய்

பழி முழுவதையும் ஏஐ மேல் போடுவது நியாயமில்லை. படிக்காமலே மேற்கோள் காட்டும் வழக்கம் ஆய்வுலகில் பழையது. இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கட்டுரையாளர்கள் தங்கள் மேற்கோள் பட்டியலை எந்த வடிவத்தில் தர வேண்டும் என்று காட்டுவதற்காக எல்சிவியர் பதிப்பகம் தன் மாதிரிப் படிவத்தில் ஒரு குறிப்பை எழுதிவைத்திருந்தது. வான் டெர் கீர் என்பவரும் வேறு இருவரும் 2000இல் எழுதியதாகக் காட்டும் அந்தக் கட்டுரை வெறும் மாதிரி. அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஆனால் அது நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் மேற்கோளாக ஏறிவிட்டது என்று 2017இல் தெரியவந்தது. படிவத்தை நிரப்பியவர்கள் மாதிரி வரியை நீக்க மறந்திருக்கிறார்கள். அச்சுக்குப் போகும்வரை யாரும் கவனிக்கவில்லை.

இன்னொரு எடுத்துக்காட்டு டிஜிட்டல்மயமாக்கலோடு நேரடியாகத் தொடர்புடையது. 1950களில் ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரைகளைப் பின்னாளில் ஸ்கேன் செய்தார்கள். பக்கம் இடமும் வலமுமாக இரண்டு பத்திகளாக அச்சாகியிருந்தது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருள், இடப்பத்தியில் இருந்த 'வெஜிடேட்டிவ்' என்ற சொல்லையும் அதே உயரத்தில் வலப்பத்தியில் இருந்த 'எலக்ட்ரான் மைக்ராஸ்கோபி' என்பதையும் ஒரே வரியாகச் சேர்த்துப் படித்துவிட்டது. 'வெஜிடேட்டிவ் எலக்ட்ரான் மைக்ராஸ்கோபி' என்று ஒரு நுண்ணோக்கி முறை உலகில் கிடையாது. பல ஆண்டுகள் கழித்து இந்தச் சொற்றொடர் புதிய ஆய்வுக் கட்டுரைகளில் தலைகாட்டியது. பாரசீகத்தில் 'ஸ்கேனிங்', 'வெஜிடேட்டிவ்' ஆகிய இரண்டுக்குமான சொற்கள் ஒரு புள்ளியில்தான் வேறுபடுகின்றன. மொழிபெயர்ப்பில் அது மீண்டும் நுழைந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். அந்தக் கட்டுரைகளெல்லாம் பயிற்சித் தரவில் சேர, மொழி மாதிரிகளும் அந்தச் சொற்றொடரைச் சொல்லத் தொடங்கின. 2025இல் இது பரவலாகப் பேசப்பட்டது.

இந்தச் சுற்றை நூலகவியல் மாணவர்கள் தங்கள் வேலையோடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஸ்கேன் செய்து, ஓசிஆர் ஓட்டி, சரிபார்க்காமல் இணையத்தில் ஏற்றிவிடுவதுதான் பல இடங்களில் டிஜிட்டல் நூலகம் என்று நடக்கிறது. ஒரு பக்கத்தில் பத்தி வரிசை தவறினால் முன்பெல்லாம் அந்தப் பக்கத்தைப் படிக்கும் நாலு பேர் குழம்புவார்கள், அவ்வளவுதான். இப்போது அதே பக்கம் பயிற்சித் தரவு. பிழைதிருத்தம் என்பது பணம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசியில் தள்ளும் வேலையாக இனியும் இருக்கக் கூடாது.

வகுப்பறையில் என்ன மாற வேண்டும்?

இப்போது பல கல்வி நிறுவனங்களின் கவனம், கட்டுரையை எழுதியது மாணவரா ஏஐயா என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது. இது பலவீனமான பாதை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே இப்படிக் கண்டறியும் கருவி ஒன்றை 2023 ஜனவரியில் வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டு செய்த சோதனை இன்னும் கவலைக்குரியது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் தேர்வுக் கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை ஏஐ எழுதியது என்று தவறாகச் சொல்லின. எளிய சொற்களில், நேரான வாக்கியங்களில் எழுதுவதே குற்றமாகிவிட்டது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்று எழுதும் மாணவர்களுக்கு இது பெரிய அநியாயம்.

யார் எழுதியது என்பதை விட்டுவிட்டு எங்கிருந்து எடுத்தது என்று கேட்டால் நிலைமை மாறுகிறது. அந்தக் கேள்விக்கு ஊகம் இல்லாத விடை உண்டு. மூலம் இருக்கும், அல்லது இருக்காது. பக்கத்தில் அந்தக் கருத்து இருக்கும், அல்லது இருக்காது. ஏஐயின் உதவியோடு எழுதிய மாணவராக இருந்தாலும், ஒவ்வொரு மூலத்தையும் திறந்து படித்திருந்தால் அவர் கற்றிருக்கிறார். ஒப்படைப்பில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் மூன்றை மட்டும் கேட்கலாம்:

1. அடையாள எண், அது இல்லாவிட்டால் எந்த நூலகத்தில் அல்லது எந்தத் தளத்தில் பார்த்தது.

2. கருத்து இருக்கும் பக்க எண்.

3. அந்தப் பக்கத்தில் மூல ஆசிரியர் சொன்னது, மாணவரின் சொந்த நடையில் ஒரு வரியில்.

மூன்றாவதுதான் முக்கியம். மேலே சொன்ன பொருந்தாத மேற்கோள் இங்கேதான் மாட்டும். ஆசிரியர் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டியதில்லை. ஆளுக்கு இரண்டைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தாலே போதும்.

ஆனால் இப்படிக் கேட்கும் நிறுவனத்துக்கு ஒரு கடமை வந்துசேர்கிறது. திறந்து படி என்று சொன்னால் திறப்பதற்கு வழி இருக்க வேண்டும். சந்தா இல்லாத கட்டுரையை மாணவர் எப்படிப் பார்ப்பார்? ஆய்வு முடிவுகள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்ற திறவணுக்க இயக்கம் 2002இல் புடாபெஸ்ட் பிரகடனத்தோடு வலுப்பெற்றது. அதற்கு முன்பே, 1991 முதல், இயற்பியலாளர்கள் ஆர்க்கைவ் (arXiv; மேலே சொன்ன இன்டர்நெட் ஆர்க்கைவ் வேறு) என்ற முன்பதிப்புக் களஞ்சியத்தில், ஆய்விதழில் வருவதற்கு முன்பே கட்டுரைகளை வெளியிட்டு வந்தார்கள். இன்று ஒரு கட்டுரைக்கு ஆய்விதழின் தளத்தில் காசு கேட்டாலும், அதே கட்டுரையின் சட்டபூர்வமான இலவசப் பிரதி ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இருக்கக்கூடும். அன்பேவால் என்ற உலாவி நீட்சி அதைத் தேடிக் காட்டும். அதிலும் இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது, ஒரு நூலகம் இன்னொரு நூலகத்திடம் கேட்டு வாங்கித் தரும் இரவல் முறை. இந்த வழிகளைச் சொல்லிக்கொடுக்காமல் மூலத்தைப் படி என்பது வசதியுள்ளவர்களுக்கு மட்டும் பொருந்தும் அறிவுரை.

படைப்பு இருக்கிறது, திறந்தும் பார்த்தாயிற்று. அது இன்னும் செல்லுபடியாகிறதா என்ற கேள்வியும் உண்டு. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்து 1998இல் தி லான்செட் இதழில் வந்த கட்டுரையை அந்த இதழ் 2010இல் விலக்கிக்கொண்டது. இடைப்பட்ட 12 ஆண்டுகளில் அதை மேற்கோள் காட்டியவை எல்லாம் இன்றும் இணையத்தில் இருக்கின்றன. மொழி மாதிரி அவற்றையும் படித்திருக்கும். விலக்கப்பட்ட கட்டுரைகளைத் தொகுத்துவந்த ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தை 2023இல் கிராஸ்ரெஃப் பெற்று, எல்லோரும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. மேற்கோள்களைச் சேமிக்க உதவும் இலவச மென்பொருளான ஸோடெரோ, விலக்கப்பட்ட கட்டுரை உங்கள் சேமிப்பில் இருந்தால் எச்சரிக்கை காட்டும். முதலாண்டு மாணவருக்கே இதைப் பழக்கிவிடலாம்.

நூலக மேசையில்

கடைசியாக, இந்தச் சிக்கல் நூலகருக்கு எப்படி வந்துசேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது ரங்கநாதனின் நான்காவது விதி. இல்லாத புத்தகம் வாசகரின் நேரத்தையும் தின்கிறது, நூலகரின் நேரத்தையும் தின்கிறது. பட்டியலில் தேடி, கூட்டுப் பட்டியலில் தேடி, பெயரை மாற்றிப் போட்டுத் தேடி, இரவல் கோரிக்கை அனுப்பி, அங்கிருந்து இல்லை என்று பதில் வரும்வரை வேலை நடக்கிறது. இல்லாததை இல்லை என்று உறுதி செய்வது, இருப்பதைக் கண்டுபிடிப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும் வேலை.

அதனால் குறிப்புதவி மேசையில் கேள்வியின் வரிசையே மாற வேண்டும் என்பது என் கருத்து. 'இந்தத் தலைப்பு எங்கே கிடைத்தது?' என்பது முதலில் வர வேண்டும், குற்றம் சாட்டும் தொனி இல்லாமல். ஏஐயிடமிருந்து என்று பதில் வந்தால், டிஓஐ, ஐஎஸ்பிஎன் சோதனையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு நேராக அடுத்த கேள்விக்குப் போகலாம்: 'நீங்கள் எதைப் பற்றி எழுதுகிறீர்கள்?' புத்தகம் கற்பனையாக இருந்தாலும் வந்தவரின் தேவை நிஜம். பெரும்பாலும் அந்தக் கற்பனைத் தலைப்பிலேயே அவர் தேடும் பொருளும் இருக்கும். அதை 650ஆம் புலத்தில் உள்ள பொருள் தலைப்பாக மாற்றித் தேடினால், அதே விஷயத்தைப் பேசும் நிஜமான நாலைந்து புத்தகங்கள் திரையில் வந்துவிடும்.